பெபிள் பீச்சில் முதல் சுற்று: சிறிய கிரீன்களுக்குத் தயாராவது எப்படி

கலிஃபோர்னியாவின் மான்டரே தீபகற்பத்தில், கார்மெல் வளைகுடாவின் பாறைக் கரையை ஒட்டி 1919 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பெபிள் பீச் கோல்ஃப் லிங்க்ஸ், உறுப்பினர்களுக்கு மட்டுமே கதவு திறக்கும் மன்றம் அன்று. கட்டணம் செலுத்தும் எவரும், எந்தத் தரத்தில் ஆடுபவராக இருந்தாலும், 1972, 1982, 1992, 2000, 2010, 2019 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டி நடந்த அதே புல்லில் ஆடலாம். கட்டணம் 600 டாலருக்கு மேல் என்பதால், பலர் வாழ்நாளில் ஒருமுறை என்று எண்ணித்தான் வருகிறார்கள். அப்படி வருபவர்களில் பெரும்பாலோர் கடலைப் பார்த்துப் பரவசப்பட்டு, பந்துகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, எண்ணிக்கையை எழுதுவதையே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். காட்சியையும் ஆட்டத்தையும் ஒருசேர அனுபவிக்க முடியும் என்பது என் அனுபவம். அதற்கான வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சான் ஓசேயிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே சென்றுவிடலாம். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வேலை பார்க்கும் தமிழர்களில் கோல்ஃப் ஆடுபவர்கள் கணிசமாகப் பெருகிவிட்ட இந்நாளில், "எப்போது போகலாம்?" என்ற கேள்வி என் காதில் அடிக்கடி விழுகிறது. நான் மூன்று முறை அங்கே ஆடியிருக்கிறேன். முதல் முறை 114 ஷாட்கள் (எண்ணிக்கை குறையக் குறைய நல்லது). மூன்றாம் முறை 97. இடைப்பட்ட காலத்தில் என் வீச்சில் பெரிய முன்னேற்றம் எதுவும் இல்லை. எந்த இடத்தில் பந்தைத் தவறவிடலாம், எந்த இடத்தில் தவறவிடவே கூடாது என்ற அறிவு மட்டுமே கூடியிருந்தது.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது கிரீன்களின், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட புல்தரைகளின், அளவு. பெபிள் பீச்சின் கிரீன் ஒன்றின் சராசரிப் பரப்பு ஏறத்தாழ 3,500 சதுர அடி. சென்னைக் கணக்கில் சொன்னால் ஒன்றரைக் கிரவுண்டு. தொழில்முறைப் போட்டிகள் நடக்கும் மைதானங்களிலேயே மிகச் சிறிய கிரீன்கள் இவை என்று ஆட்டக்காரர்கள் பொதுவாகச் சொல்வார்கள். கடல் எவ்வளவுதான் அச்சுறுத்தினாலும், 18 குழிகளில் கடலை ஒட்டியவை ஒன்பதுதான்: 4 முதல் 10 வரையும், பிறகு 17, 18 ஆகியவையும். சிறிய கிரீன்களோ 18 குழிகளிலும் நம்மை விடாமல் சோதிக்கின்றன. 20 ஹேண்டிகேப் உள்ள ஒருவர் (இலக்கு எண்ணிக்கையைவிட 20 ஷாட் அளவு கூடுதலாக எடுப்பவர்) அங்கே மூன்று அல்லது நான்கு கிரீன்களை மட்டுமே உரிய ஷாட்களில் எட்டினால் அதை நல்ல நாளாகக் கொள்ள வேண்டும். மற்ற பதினான்கு குழிகளில் அவர் கிரீனுக்கு வெளியிலிருந்து சிப் செய்தோ (பந்தைச் சிறிதாகத் தட்டி எழுப்பி), மணலிலிருந்து எடுத்தோதான் குழியை முடிக்கப் போகிறார்.

ஆகையால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே பயிற்சி நேரத்தில் பாதியை டிரைவர் என்னும் நெடுந்தூர மட்டையிடமிருந்து பிடுங்கி வெட்ஜ் என்னும் குறுந்தூர மட்டையிடம் கொடுத்துவிடுங்கள். முக்கியமாக மூன்று ஷாட்களைப் பழக வேண்டும். கிரீனின் ஓரத்திலிருந்து தாழ்வாக எழுந்து நீண்ட தூரம் உருளும் சிப் முதலாவது. ஆழமான பங்கரிலிருந்து (மணல் பள்ளம்) பந்தை உயர எழுப்பி மெல்ல இறக்குவது இரண்டாவது. சரிவில் கீழ்நோக்கி உருளும் பத்து அடி பட் (கிரீனில் பந்தை உருட்டும் ஷாட்) மூன்றாவது. மூன்றாவதைப் பலர் பழகுவதே இல்லை. அங்குள்ள கிரீன்கள் பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சரிகின்றன. குழியில் நட்டிருக்கும் கொடியைத் தாண்டிப் பந்து நின்றுவிட்டால், அடுத்த பட்டைத் தொட்டும் தொடாமலும் ஆட வேண்டியிருக்கும். ஒவ்வொரு குழியிலும் "கொடிக்குக் கீழே நிற்க வேண்டும்" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு ஆடினால், மூன்று பட் ஆடும் குழிகள் பாதியாகக் குறையும்.

முன்பதிவு, பருவம், உடை

பெபிள் பீச் விடுதியில் தங்குபவர்களுக்கே முன்பதிவில் முதல் உரிமை. அவர்கள் பல மாதங்களுக்கு முன்பே நேரத்தை உறுதிசெய்துகொள்ளலாம். வெளியிலிருந்து வருபவர்கள் பொதுவாக முந்தைய நாள் தொலைபேசியில் கேட்டு, மீந்திருக்கும் இடத்தைப் பெற வேண்டும். நால்வராகச் சேர்ந்து கேட்பதைவிடத் தனியாகவோ இருவராகவோ கேட்பவருக்கு இடம் எளிதில் அமையும். என்னுடைய முதல் சுற்று அப்படித்தான் அமைந்தது: வியாழக்கிழமை மாலை கேட்டேன், வெள்ளிக்கிழமை காலை, முன்பின் அறியாத மூவருடன் சேர்ந்து ஆடினேன்.

மாதங்களில் செப்டம்பரும் அக்டோபரும் சிறந்தவை. கோடையென்று நம்பி ஜூன், ஜூலையில் வருபவர்கள் கடல் மூடுபனியில் மாட்டிக்கொள்கிறார்கள். சில நாட்களில் நண்பகல் வரை கடலே கண்ணுக்குத் தெரியாது. குளிர்காலத்தில் மழையும் பலத்த காற்றும் வரும். எந்த மாதமானாலும் காற்றுக்கு அணை போடும் மெல்லிய மேலாடை ஒன்றும், அதற்கு அடியில் கம்பளி ஒன்றும் அவசியம். சான் ஓசேக்கு அருகிலுள்ள சன்னிவேலில் வெயில் கொளுத்தும் நாளில்கூட அங்கே கைகள் விறைக்கும். குளிர்ந்த காற்றில் பந்து குறைவான தூரமே பறக்கும். உங்கள் உள்ளூர் மைதானத்தில் 150 யார்டு போகும் மட்டை, அங்கே குளிர்ந்த காலையில் 140 யார்டுதான் போகும் என்று கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். காரணங்கள் இரண்டு. கடற்காற்று பொதுவாகப் பிற்பகலில்தான் வலுக்கிறது. மேலும், கிரீன்களில் வளர்வது போவா அனுவா என்ற புல். அது நாள் ஏற ஏறச் சமமில்லாமல் வளர்ந்து, சிறு விதைக்கதிர்களை நீட்டும் இயல்புடையது. காலையில் கண்ணாடிபோல் ஓடிய பந்து மாலையில் சிறிது துள்ளித் துள்ளி ஓடும். பிற்பகலில்தான் நேரம் கிடைத்தது என்றால், நான்கு அடிக்குட்பட்ட பட்களை வளைவை அதிகம் எண்ணாமல், உறுதியாக, குழியின் பின் விளிம்பை நோக்கி ஆடுங்கள். மெதுவாக விடப்படும் பந்தைத்தான் அந்தப் புல் திசை திருப்புகிறது.

டீயைத் தேர்ந்தெடுப்பது, கேடியைச் சேர்த்துக்கொள்வது

மைதானத்தின் பார், அதாவது திறமையான ஆட்டக்காரருக்கு உரிய ஷாட் எண்ணிக்கை, 72. பின்னால் உள்ள டீயிலிருந்து (முதல் ஷாட்டை அடிக்கும் இடம்) நீளம் ஏறத்தாழ 6,800 யார்டு. இது இன்றைய அளவுகோலில் நீண்ட மைதானம் அன்று. இந்தக் குறைந்த நீளமே பலரை ஏமாற்றிவிடுகிறது. "போட்டியாளர்கள் ஆடிய இடத்திலிருந்தே ஆடிப் பார்க்க வேண்டும்" என்ற ஆசை இயல்பானதுதான். ஆனால் சிறிய கிரீனை ஒன்பதாம் எண் அயர்னால் (எண் கூடக் கூடத் தூரம் குறையும் இரும்பு மட்டை) தாக்குவதும், நெடுந்தூர மர மட்டையால் தாக்குவதும் ஒன்றல்ல. டிரைவரால் 200 யார்டு அளவில் அடிப்பவர் 6,100 யார்டு அல்லது அதற்கும் குறைந்த டீயைத் தேர்ந்தெடுத்தால்தான் இந்த மைதானம் கேட்கும் கேள்விகளைச் சரியாகச் சந்திக்க முடியும். அங்கிருந்தும் கடல் அதே கடல்தான்.

பையைச் சுமந்து வழிகாட்டும் கேடியை அமர்த்துவதற்கு ஆகும் கூடுதல் செலவைப் பற்றித் தயங்குபவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். 6-ஆம் குழியின் இரண்டாவது ஷாட்டும், 8-ஆம் குழியின் முதல் ஷாட்டும் இலக்கு தெரியாமல் அடிக்க வேண்டியவை. கிரீன்களின் சரிவு கடலின் பக்கம் இழுப்பதைக் கண் எளிதில் உணராது. ஆயிரம் முறை பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். வண்டி எடுப்பவர்கள் அதை நடைபாதையை விட்டு இறக்க முடியாது என்பதால், மூன்று நான்கு மட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே நடந்து போய்த் திரும்ப வேண்டியிருக்கும். அதைவிட முழுவதும் நடந்துவிடுவதே மேல்.

முதல் மூன்று குழிகள்: அவசரம் வேண்டாம்

முதல் குழி வலப்புறம் வளையும் குறுகிய பார் 4. விடுதிக் கட்டடங்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் டீயைச் சூழ்ந்திருப்பதால் நெஞ்சு படபடக்கும். டிரைவர் தேவையே இல்லை. 200 யார்டு போகும் ஏதேனும் ஒரு மட்டையை எடுத்து, வளைவின் நடுவில் பந்தை வைத்தால் போதும். 2-ஆம் குழி நமக்குப் பார் 5. கிரீனுக்கு முன்னால் ஒரு பெரிய பள்ளம் குறுக்கே ஓடுகிறது. இரண்டாவது ஷாட்டால் அதைத் தாண்ட முடியும் என்ற உறுதி இல்லையென்றால், பள்ளத்துக்கு முன்னால் பந்தை நிறுத்தி, மூன்றாவது ஷாட்டை முழு வெட்ஜாக ஆடுங்கள். 2010 அமெரிக்க ஓபனின் இறுதி நாளில் மூன்று ஷாட் முன்னிலையுடன் தொடங்கிய டஸ்டின் ஜான்சன், 2-ஆம் குழியில் மூன்று ஷாட்களையும் 3-ஆம் குழியில் இரண்டு ஷாட்களையும் கூடுதலாக இழந்து, அந்நாளை 82-இல் முடித்தார். கிரீனருகே ஏற்பட்ட ஒரு தவறை அவசரமாகச் சரிசெய்ய முயன்றதே அந்தச் சரிவின் தொடக்கம். கடல் அப்போது இன்னும் ஆட்டத்துக்குள் வரவே இல்லை. தொடக்கத்தில் ஒரு ஷாட் போய்விட்டால் அதைப் போனதாகவே விட்டுவிடுவது நல்லது.

நான்கிலிருந்து ஆறு வரை

4-ஆம் குழியில் கடல் வலப்புறம் வந்து சேர்கிறது. இதுவும் குறுகிய பார் 4. மைதானத்தின் மிகச் சிறிய கிரீன்களில் ஒன்று இங்கே இருக்கிறது. டீயில் இருந்து இடப்புறம் பார்த்து, உங்களுக்கு மிகப் பிடித்த வெட்ஜ் தூரம் மிஞ்சும்படி அடியுங்கள்.

5-ஆம் குழிக்கு ஒரு கதை உண்டு. மைதானத்தை வடிவமைத்த ஜாக் நெவிலும் டக்ளஸ் கிராண்ட்டும் எத்தனை குழிகளைக் கடலோரம் வைக்க முடியுமோ அத்தனையும் வைக்க விரும்பினார்கள். ஆனால் இந்த ஒரு துண்டு நிலம் முன்பே தனியாருக்கு விற்கப்பட்டிருந்ததால், பழைய 5-ஆம் குழி உள்நிலத்தில் மேடேறிச் சென்றது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நிலம் திரும்பக் கிடைத்து, புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் வடிவமைத்த புதிய பார் 3 குழி 1998-இல் திறக்கப்பட்டது. வலப்புறம் முழுவதும் கடற்குன்று. ஆகவே கொடி எங்கிருந்தாலும் கிரீனின் இடப்பாதியே இலக்கு.

6-ஆம் குழியில் ஃபேர்வே, அதாவது டீக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட புல்வெளி, அகலமாகத்தான் இருக்கிறது. பிறகு ஒரு செங்குத்தான மேடு சுவர்போல் எழுகிறது, அதன் வலப்புறம் செங்குத்தாகக் கடல். இரண்டாவது ஷாட்டில் அந்த மேட்டைத் தாண்ட வேண்டும். தூரத்தைவிட உயரம் இங்கே முக்கியம். மர மட்டையைக் கைவிட்டு, பந்தை விரைவாக எழுப்பும் ஹைபிரிட் மட்டையையோ ஆறாம் எண் அயர்னையோ எடுப்பவர் பந்தைத் தேடவேண்டியிருக்காது.

ஏழாம் குழி: நூற்றுச் சொச்சம் யார்டு

பின் டீயிலிருந்தே 106 யார்டுதான். உயரத்திலிருந்து கீழே பார்த்து அடிக்கும் பார் 3. கிரீனின் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டுக்கும் குறைவு; அதைச் சுற்றிலும் பங்கர்கள், பங்கர்களைச் சுற்றிக் கடல். காற்றில்லாத காலையில் லாப் வெட்ஜால் ஆடக்கூடிய இக்குழியை, காற்று சீறும் நாளில் அதைவிட மிக நீண்ட தூரம் அடிக்கும் மட்டையால் ஆட வேண்டியிருக்கும். 1992 அமெரிக்க ஓபனின் இறுதி நாள் அப்படிப்பட்ட நாள். டாம் கைட் ஆறாம் எண் அயர்னை எடுத்து அடித்தும் பந்து கிரீனின் இடப்புறம் போய் விழுந்தது. அங்கிருந்து சிப் செய்த பந்து நேராகக் குழிக்குள் சென்றது. பட்டத்தையும் அவரே வென்றார்.

இங்கே செய்ய வேண்டியது இதுதான். டீக்குச் சென்றதும் முதலில் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துவிடுங்கள், ஆசை தீரும் வரை. முன்னால் ஆடுபவர்கள் கிரீனை விட்டு நகரக் காத்திருக்கும் நேரம் அதற்குப் போதும். உங்கள் முறை வருவதற்கு முன் பையில் வைத்துவிட்டு, கொடியின் படபடப்பையும், கிரீனுக்கு அப்பால் பாறையில் சிதறும் நுரை எந்தப் பக்கம் பறக்கிறது என்பதையும் பாருங்கள். உங்கள் முகத்தில் படும் காற்று பந்து சந்திக்கப்போகும் காற்றைச் சரியாகக் காட்டாமல் போகலாம். எதிர்க்காற்று என்றால் இரண்டு அல்லது மூன்று மட்டைகள் கூடுதலாக எடுத்து, முக்கால் வீச்சில், பந்தைத் தாழ்வாக அனுப்புங்கள். வேகமாக அடிக்க அடிக்கப் பந்தின் பின்சுழற்சி கூடும். சுழற்சி கூடினால் அது காற்றில் எழும்பி நின்று, தூரத்தை இழக்கும். மட்டையைக் கூட்டிக்கொண்டு வீச்சைக் குறைப்பது, இந்த ஒரு குழிக்கு மட்டுமல்லாமல் அன்றைய நாள் முழுவதற்கும் பொருந்தும் வழி. இலக்கு எப்போதும் கிரீனின் நடு. கொடியைப் பார்க்கவே வேண்டாம். 2,000 சதுர அடியில் நடுவில் நின்ற பந்துக்கு எந்தக் கொடியும் தூரமில்லை.

எட்டாம் குழி: மூன்று முடிவுகள்

கோல்ஃபிலேயே தமக்கு மிகவும் பிடித்த இரண்டாவது ஷாட் இங்கே இருப்பதாக நிக்லாஸ் சொல்லியிருக்கிறார். அதை ஆடுவதற்கு முன், அதை ஆடக்கூடிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். டீயிலிருந்து தெரிவது எதிரே எழும் ஒரு மேடு மட்டுமே. மேட்டுக்கு மேல் சமதளமான ஃபேர்வே இருக்கிறது. அந்த ஃபேர்வே திடீரென்று செங்குத்தான கடற்குன்றில் முடிந்துவிடுகிறது. நீண்ட தூரம் அடிக்கக்கூடியவர் டிரைவரை எடுத்தால் நல்ல ஷாட்டே பந்தை இழக்கச் செய்யும். எனவே முதல் முடிவு, எந்த டீயிலிருந்து எத்தனை யார்டில் நிலம் முடிகிறது என்பதைக் கேடியிடமோ தூர அட்டையிலோ உறுதிசெய்துகொண்டு, அதற்கு இருபது யார்டு குறைவாகப் போகும் மட்டையை எடுப்பது.

பந்தை அடைந்து விளிம்பருகே நிற்கும்போது, வாய் பிளந்த பெரும் பிளவின் மறுபக்கத்தில் ஒரு சிறு கிரீன் தெரியும். தூரம் பெரும்பாலும் நீண்ட அயர்னோ மர மட்டையோ கேட்கும் அளவுக்கு இருக்கும். இரண்டாவது முடிவு இங்கே: பிளவைக் குறுக்கே தாண்டுவதா, இடப்புறமாகச் சுற்றிச் செல்லும் ஃபேர்வேயில் பந்தை வைத்து மூன்றாவது ஷாட்டில் கிரீனை எட்டுவதா? பத்து முறை அடித்தால் எட்டு முறை அந்தத் தூரத்தைப் பறந்தே கடக்கும் மட்டை உங்களிடம் இருந்தால் தாண்டுங்கள். இல்லையென்றால் இடப்புறம் செல்லுங்கள்; அங்கிருந்து ஒரு வெட்ஜும் இரண்டு பட்டும் போகி (பாரைவிட ஒரு ஷாட் கூடுதல்) ஆகும், இக்குழியில் போகி மிக மதிப்பான எண். முதல் இரண்டு சுற்றுகளிலும் நான் தாண்ட முயன்று மொத்தம் நான்கு பந்துகளை இழந்தேன். மூன்றாம் சுற்றில் இடப்புறம் சென்று ஐந்தில் முடித்தேன். அந்த வெட்ஜை ஆடும்போதும் பிளவு அருகிலேயே இருந்தது, அலையோசை காலடியில் கேட்டது; காட்சியில் எதையும் இழக்கவில்லை.

தாண்டுவது என்று தீர்மானித்தவர் கிரீனின் இடப்புறத்தைக் குறிவைக்க வேண்டும். குறுகிய ஷாட்டும் வலப்புற ஷாட்டும் கடலில்தான் முடியும்.

மூன்றாவது முடிவு உயிரைப் பற்றியது. பந்து விளிம்பின் ஓரத்தில் நின்றுவிட்டால் அதை ஆட வேண்டாம். 2022 பிப்ரவரியில் ஜோர்டன் ஸ்பீத் இதே குழியில், ஒரு கால் சற்று நகர்ந்தாலும் கீழே விழக்கூடிய இடத்தில் நின்று பந்தை அடித்தார். அடித்த வேகத்தில் பின்னோக்கித் தாவி ஓடினார். அந்தக் குழியில் பார் கிடைத்தும், அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று அவரே பின்னர் கூறினார். விதி உங்களுக்கு இடம் கொடுக்கிறது: சிவப்புக் கோட்டால் குறிக்கப்பட்ட தண்டனைப் பகுதிக்குள் பந்து போனால், ஒரு ஷாட் தண்டனையுடன், அது கோட்டைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகில் வராதபடி, புதிய பந்தைப் போட்டு ஆடலாம். அந்தக் கோட்டுக்கு வெளியே விளிம்பில் நிற்கும் பந்தை ஆட முடியாததாக அறிவிக்கவும் அதே ஒரு ஷாட்தான்.

ஒன்பதும் பத்தும்: சரிவில் நிற்பது

இரண்டும் நீண்ட பார் 4. இரண்டிலும் ஃபேர்வே இடமிருந்து வலமாக, கடலை நோக்கிச் சாய்கிறது. 10-இன் வலப்புறத்தில் கார்மெல் கடற்கரையின் வெண்மணல் கீழே விரிகிறது. சாய்வில் நிற்கும்போது பந்து உங்கள் பாதங்களைவிடத் தாழ்வாக இருக்கும். வலக்கை ஆட்டக்காரருக்கு அந்த நிலையிலிருந்து பந்து இயல்பாகவே வலப்புறம், அதாவது கடலின் பக்கம், வளையும். முழங்காலைச் சற்றுக் கூடுதலாக மடக்கி, பின்னங்கழுத்தை நிமிர்த்தாமல், கிரீனின் இட விளிம்புக்கும் இடப்புறமாகக் குறிவைத்து, மென்மையான வீச்சில் அடியுங்கள். இந்த இரண்டு குழிகளையும் பார் 5 என்று மனத்துக்குள் மாற்றி எழுதிக்கொண்டவர்கள் நிம்மதியாகக் கடந்து போவார்கள்.

பதினொன்று முதல் பதினாறு வரை

கடல் முதுகுக்குப் பின்னால் போனதும் பலருக்குக் கவனம் தளர்கிறது. காட்சி குறைந்த இந்த ஆறு குழிகளில்தான் என் நண்பர்கள் பலர் அதிக ஷாட்களை இழந்திருக்கிறார்கள். 11, 13 ஆகியவற்றின் கிரீன்கள் கடுமையாகச் சரிபவை. 12 ஆழமற்ற கிரீனும் அதற்கு முன் ஆழமான பங்கரும் கொண்ட நீண்ட பார் 3.

இவற்றுள் 14 தனி இனம். ஏறத்தாழ 570 யார்டு நீளமுள்ள, வலப்புறம் வளையும் பார் 5. வலப்புறம் எல்லைக்கு வெளியே. கிரீனின் முன் இடப்பக்கத்தை ஓர் ஆழமான பங்கர் காக்கிறது, அதற்கு மேல் ஒரு சிறு தட்டுபோல் கிரீனின் ஆடத்தக்க பகுதி. சிறிது குறைந்தால் மணலிலோ சரிவிலோ உருண்டு திரும்பும். சிறிது கூடினால் பின்னால் விழுந்து, மறுபடியும் கீழ்நோக்கிச் சிப் செய்ய வேண்டிவரும். 2010-இல் இங்கு நடந்த தொழில்முறைப் போட்டியின் இறுதி நாளில், வெற்றிக்கு அருகில் இருந்த பால் கோய்டோஸ் இந்த ஒரே குழியில் 9 எடுத்தார். ஆகவே மூன்றாவது ஷாட்டுக்குக் கிட்டத்தட்ட 90 அல்லது 100 யார்டு மிஞ்சும்படி முதல் இரண்டு ஷாட்களைத் திட்டமிடுங்கள். அந்தத் தூரத்திலிருந்து முழு வீச்சில் உயரமாக எழும் வெட்ஜே அந்தத் தட்டில் நிற்கும். அரை வீச்சில் 40 யார்டு ஆடுவது நம் போன்றோருக்கு மிகக் கடினம்.

பதினேழு

டீயிலிருந்து நேரே கடலை நோக்கி ஆடும் பார் 3. கிரீன் உடுக்கையின் வடிவில், இடை குறுகி, நமக்குச் சாய்வாகக் கிடக்கிறது. நடுவில் ஒரு மேடு இரண்டு பாதிகளையும் பிரிக்கிறது. 1972-இல் நிக்லாஸ் காற்றைக் கிழித்துக்கொண்டு அடித்த ஒன்றாம் எண் அயர்ன், கொடிக்கம்பில் பட்டுக் குழியருகே நின்றது. 1982-இல் டாம் வாட்சன் கிரீனின் இடப்புற ரஃபிலிருந்து (வெட்டாமல் வளரவிட்ட புல்) சிப் செய்து நேரே குழியில் போட்டு, அதே நிக்லாஸை முந்தினார். இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. நமக்கு அதிகம் பயன்படுவது 2019-இல் கேரி வுட்லண்ட் செய்தது. அவருடைய பந்து கிரீனில்தான் நின்றது, ஆனால் மேட்டுக்கு மறுபக்கம். பட்டரால் ஆடினால் குழியருகே கொண்டுசெல்ல வழியில்லை. கிரீனின் மீதே வெட்ஜை வைத்து, புல்லைக் காயப்படுத்தாமல், மேட்டைத் தாண்டிப் பந்தை எழுப்பிக் குழியருகே நிறுத்தினார். அந்த ஷாட்டை நாம் முயன்றால் கிரீனில் ஒரு பள்ளமே விழும். ஆகவே கொடி எந்தப் பாதியில் இருக்கிறது என்பதை டீயிலேயே பார்த்து, அந்தப் பாதியின் பக்கமே, கிரீனுக்கு வெளியே குறைவாக விழுந்தாலும் பரவாயில்லை என்று ஆடுவது மேல். கொடி இடப்புறப் பாதியில் இருக்கும்போது மட்டும் விதிவிலக்கு: முன்னால் பெரிய பங்கர் இருப்பதால், வலப்புற முன்பகுதியில் நிறுத்தி, இரண்டு பட்டுக்குப் பதில் மூன்றை ஏற்றுக்கொள்வதில் தவறில்லை.

பதினெட்டு

1922-இல் மைதான வடிவமைப்பாளர் ஹெர்பர்ட் ஃபௌலர் இதைப் பார் 5 ஆக நீட்டினார். அதற்கு முன் இது சாதாரண பார் 4. இன்று 540 யார்டு அளவில், இடப்புறம் முழுவதும் கடலும் கடற்சுவரும், வலப்புறம் வீடுகளும் எல்லைக்கோடும். ஃபேர்வேயின் நடுவே நிற்கும் மரங்கள் நம் இலக்கைக் காட்டுகின்றன: டீயிலிருந்து அவற்றின் இடப்புறத்தைச் சற்றுத் தொட்டபடி செல்லும் கோடே சரியானது. கடலைக் கண்டு பயந்து வலப்புறம் தள்ளுபவர்கள் எல்லைக்கு வெளியே போய், ஷாட்டையும் தூரத்தையும் சேர்த்து இழக்கிறார்கள். அதைவிடக் கடலே மேல், அங்கே ஒரு ஷாட்தான் தண்டனை. டீயில் வெட்ஜைத் தவிர எதை எடுத்தாலும் சரி, ஃபேர்வேயில் நிற்பது ஒன்றே குறி.

இரண்டாவது ஷாட்டையும் நீண்ட மட்டையால் அடிக்க வேண்டிய தேவை இல்லை. 540 யார்டை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 180 யார்டுதான். கிரீனின் வலப்புற முன்பகுதியில் ஒரு பெரிய மரம் கிளை விரித்து நிற்பதால், வலப்புறத்திலிருந்து வரும் மூன்றாவது ஷாட்டை அது மறிக்கிறது. ஆகவே இரண்டாவது ஷாட்டை நடுவிலோ, மனத்துணிவு இருந்தால் நடுவுக்குச் சற்று இடப்புறமோ வையுங்கள். கடற்சுவரை ஒட்டி நீண்டு கிடக்கும் பங்கரில் விழுந்தாலும் கலங்க வேண்டாம். அந்த மணல் பந்தைக் கடலுக்குப் போகவிடாமல் காப்பாற்றியிருக்கிறது, அங்கிருந்து ஒரு சிறு அயர்னால் பந்தை முதலில் தொட்டு முன்னால் அனுப்பிவிடலாம். மூன்றாவது ஷாட்டில் கொடியைத் தாண்டாத மட்டையைத் தேர்ந்தெடுத்து, கிரீனின் முன்பாதியில் நிறுத்துங்கள். பட்டை முடித்ததும் பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டு, எண்ணிக்கையை எழுதுவதைக் கடற்சுவர் ஓரத்தில் நின்று செய்யலாம். வந்த வழியெல்லாம், 17-ஆம் குழியின் கொடி வரை, அங்கிருந்து தெரியும்.